குளிருக்கு முன் தொட்டிச் செடிகளை வீட்டுக்குள் எடுத்து வைப்பது எப்படி?

கோடை முழுவதும் வெளியே செழித்து நின்ற மான்ஸ்டெராவும் குரோட்டன்ஸும் குளிர்காலத்தில் வீட்டுக்குள் வந்த ஒரே மாதத்தில் வாடினால், எல்லோரும் குளிரைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குளிர் காரணமே அல்ல. செடியோடு சேர்ந்து உள்ளே வந்த பூச்சியும், வந்தபின் வெளியில் ஊற்றிய அதே கணக்கில் ஊற்றும் தண்ணீரும்தான் செடியைக் கொல்கின்றன. அதனால் இங்கே அந்த இரண்டுக்கும்தான் அதிக இடம்.

எப்போது எடுப்பது

பகல் வெயிலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இரவு வெப்பநிலையைப் பாருங்கள். இரவில் 13 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது வெப்பமண்டலச் செடிகள் எல்லாம் உள்ளே இருக்க வேண்டும். அக்லோனிமா, கலாதியா, அலோகேசியா மூன்றும் இன்னும் மென்மையானவை, 15 டிகிரியிலேயே எடுத்துவிடுங்கள். உறைபனி விழட்டும் என்று காத்திருப்பது தவறு. 10 டிகிரிக்குக் கீழே போனாலே இலைத் திசு கெடத் தொடங்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துத்தான் நீர் கோத்தது போன்ற கரும் திட்டுகள் இலையில் வரும்.

வீட்டில் ஹீட்டர் போடத் தொடங்கும் முன்பே செடிகள் உள்ளே வந்துவிடுவது நல்லது. அப்போது உள்ளேயும் வெளியேயும் காற்றின் ஈரப்பதம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும், செடிக்கு அதிர்ச்சி குறையும்.

வெளிச்சத்தைக் குறைத்துப் பழக்குதல்

வெளியே நல்ல நிழலில்கூட 10,000 லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் கிடைக்கும். ஜன்னலிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே போனால் சில நூறு லக்ஸ்தான் மிஞ்சும். நம் கண் இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும், இலையால் முடியாது. அதனால் உள்ளே எடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பே வெயிலிலிருந்து அரை நிழலுக்கும், அடுத்த வாரம் முழு நிழலுக்கும் மாற்றுங்கள். ஃபைகஸும் குரோட்டன்ஸும் இந்தப் பழக்கம் இல்லாமல் வந்தால் இலைகளைக் கொத்தாகக் கொட்டும்.

பூச்சி நீக்கம்: இதில் அவசரப்படாதீர்கள்

எல்லோரும் ஒரே முறை மருந்து தெளித்துவிட்டு உள்ளே தூக்கி வந்துவிடுகிறார்கள். ஒரு முறை தெளிப்பதில் பயன் மிகக் குறைவு. சோப்புக் கரைசலும் வேப்பெண்ணெயும் மேலே பட்ட பூச்சியைத்தான் கொல்லும், முட்டைகள் பெரும்பாலும் தப்பிவிடும். சிலந்திப்பேன் முட்டை சில நாளிலேயே பொரியும். மாவுப்பூச்சியின் பஞ்சுப் பையிலிருக்கும் முட்டைகளுக்கு ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம். ஆகவே 7 நாள் இடைவெளியில் மூன்று முறை. கணக்குப் பார்த்தால், உள்ளே எடுப்பதற்கு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும்.

முதலில் தேடுங்கள். வெள்ளைக் காகிதத்தை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டினால், ஊர்ந்து போகும் புள்ளிகள் சிலந்திப்பேன். கணுவிலும் இலைக்காம்பின் இடுக்கிலும் பஞ்சுபோல் இருந்தால் மாவுப்பூச்சி. தண்டில் பழுப்புப் பொருக்குகள் ஒட்டியிருந்து, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்தால் செதில் பூச்சி. இலை பிசுபிசுக்கிறது என்றால் மேலே எங்கோ சாறு உறிஞ்சும் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு இலைகளின் அடிப்பக்கத்தைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பாதிப் பூச்சி அதிலேயே போய்விடும். மாவுப்பூச்சியையும் செதில் பூச்சியையும் 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள். அதன்பின் தெளிப்பு: 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், 2 மி.லி. பொட்டாசியம் சோப்பு (செடிப் பூச்சிகளுக்கென விற்கும் திரவ சோப்பு). எண்ணெயையும் சோப்பையும் முதலில் கலக்கி, பிறகு தண்ணீரைச் சேர்த்தால்தான் எண்ணெய் மேலே மிதக்காது. கலந்த அன்றே தீர்த்துவிடுங்கள். பாத்திரம் துலக்கும் திரவம் வேண்டாம். அது டிடர்ஜென்ட், இலையின் மெழுகுப் படலத்தைக் கெடுக்கும். வெயில் சாய்ந்த பிறகு தெளியுங்கள். மெல்லிய இலைச் செடி என்றால் ஓர் இலையில் மட்டும் அடித்து, ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

தெளிப்பானைப் பொறுத்தவரை, விசையை அழுத்தி அழுத்தி அடிக்கும் பாட்டிலைவிட, காற்றடைத்துப் பயன்படுத்தும் 1 லிட்டர் கைத்தெளிப்பானே மேல். அதன் முனையை மேல்நோக்கித் திருப்ப முடிய வேண்டும். பூச்சி வாழ்வது இலைக்கு அடியில், மேலே மட்டும் நனைத்துப் பலனில்லை.

மண்ணில் எறும்போ நத்தையோ இருந்தால், தொட்டியை விளிம்பு வரை தண்ணீரில் 15 நிமிடம் அமிழ்த்தி வையுங்கள், வெளியேறிவிடும். பிறகு நன்றாக வடிய விடுங்கள். மண்ணில் வளரும் குட்டிக் கறுப்பு ஈக்களின் புழுக்கள் இதில் சாகாது. அவற்றுக்கு மேல்மண் நன்றாகக் காய்வதுதான் வழி. பறக்கும் ஈக்களுக்கு மஞ்சள் ஒட்டு அட்டை போதும்.

உள்ளே வந்தபின்னும் இரண்டு மூன்று வாரம், வருடம் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருக்கும் செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள்.

இடம்

வட அரைக்கோளத்தில் தெற்கு ஜன்னல், தென் அரைக்கோளத்தில் வடக்கு ஜன்னல். இலை குளிர்ந்த கண்ணாடியைத் தொடக் கூடாது, ஹீட்டர் காற்று நேராகப் படக் கூடாது. ஜன்னல் போதாவிட்டால் எல்.இ.டி. வளர்ப்பு விளக்கை இலையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், ஒரு நாளைக்கு 12 மணி நேரம், டைமர் வைத்து எரியவிடுங்கள்.

தண்ணீர்

வெளிச்சம் குறைந்தால் செடி குடிப்பதும் குறையும். வெளியில் தினமும் கேட்ட செடி உள்ளே பத்து நாள்கூடத் தாங்கலாம். நாள் கணக்கு வைத்து ஊற்றாதீர்கள். விரலை விட்டுப் பார்த்து, மேலே 3 செ.மீ. காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். ஸ்னேக் பிளான்டுக்கு மண் முழுவதும் காய வேண்டும். ஈர மண்ணில் செடி தொங்கி நின்றால் வேர் அழுகுகிறது என்று சந்தேகப்படுங்கள். பலர் அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறார்கள், செடி முழுக்கப் போய்விடுகிறது. புதிய துளிர் விடும் வசந்தம் வரை உரமும் வேண்டாம், பெரிய தொட்டிக்கு மாற்றவும் வேண்டாம். வேர் எட்டாத மண்ணில் தேங்கும் ஈரமும் அழுகலில்தான் முடியும்.

ஈரப்பதத்துக்காக இலையில் தண்ணீர் தெளிப்பது சில நிமிடங்களுக்குத்தான் உதவும். கலாதியா போன்றவற்றின் இலை விளிம்பு கருகினால் ஹியூமிடிஃபையர் (காற்றில் ஈரம் சேர்க்கும் கருவி) வைத்து ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டி வைத்திருங்கள்.

இலை கொட்டினால்

முதல் மாதத்தில் பழைய இலைகள் மஞ்சளாகி விழுவது இயல்பு. ஃபைகஸ் மொட்டையாகவே நின்றாலும் இடத்தை மாற்றாதீர்கள். கிளையை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, தண்ணீரைக் குறைத்துவிட்டுத் துளிருக்குப் பொறுத்திருங்கள். பழுப்பாக இருந்தால், பச்சை தெரியும் இடம் வரை அந்தக் கிளையை வெட்டிவிடுங்கள்.