வூர்ட்ஸ்பர்க் ரெசிடென்ஸ்: முதன்முறை செல்பவர்களுக்கு

ஜெர்மனியில் மைன் ஆற்றங்கரையில், திராட்சைத் தோட்டங்கள் சூழ அமைந்த ஊர் வூர்ட்ஸ்பர்க். சமயத் தலைமையும் ஆட்சியும் ஒருவரிடமே இருந்த காலத்தில், அவ்வூர் ஆயர்களுக்காக (பிஷப்புகளுக்காக) 1720-இல், பரோக் என்னும் ஆடம்பர அலங்காரப் பாணியில் கட்டத் தொடங்கிய அரண்மனையே ரெசிடென்ஸ்.

முதலில், காலையிலேயே சென்றுவிடுங்கள். ரயில் நிலையத்திலிருந்து கால் மணி நேரம் நடந்தால் போதும். நுழைவுச்சீட்டு வாங்கும்போதே, ஆங்கிலத்தில் விளக்கும் வழிகாட்டி எப்போது புறப்படுகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது படிக்கட்டு. இங்கே அவசரப்படவே கூடாது. கட்டடக் கலைஞர் பால்தசார் நொய்மான் தூண் எதுவும் தாங்காமல் எழுப்பிய வளைகூரையில், வெனிஸிலிருந்து வந்த டியெப்போலோ 1752, 1753 ஆண்டுகளில் நான்கு கண்டங்களைத் தீட்டினார். கீழ்ப்படியில் நின்றால் ஓவியத்தின் சிறு பகுதிதான் தெரியும்; ஏற ஏற அமெரிக்கா விரியும்; நடுத்தளத்தில் திரும்பியதும் எதிரே ஐரோப்பாவும், இருபுறமும் ஆசியாவும் ஆப்பிரிக்காவும் புலப்படும். ஆகவே நாலைந்து படிக்கு ஒருமுறை நின்று, அண்ணாந்து பார்த்து ஏறுங்கள். ஐரோப்பாப் பகுதியின் கீழ்விளிம்பில் பீரங்கியின்மேல் சாய்ந்து அமர்ந்திருப்பவர் நொய்மானேதான். தாம் கட்டிய கூரையிலேயே அவருக்கு ஓர் இடம் கிடைத்திருப்பதை ஒவ்வொரு முறையும் நெகிழ்ச்சியோடுதான் பார்க்கிறேன்.

மேலே ஏறியதும் வருவது வெள்ளை மண்டபம். வண்ணம் இல்லையே என்று கடந்துவிடாதீர்கள். அந்தோனியோ போஸ்ஸியின் சுதை வேலைப்பாட்டை நிதானமாகப் பார்த்துக் கண்களுக்கு ஓய்வு கொடுத்தால்தான், அடுத்துள்ள பேரரசர் மண்டபத்தின் பொன்னும் வண்ணமும் முழுமையாக மனத்தில் பதியும்.

பிறகு வழிகாட்டியுடன் கண்ணாடி அறைக்குச் செல்லுங்கள். 1945 மார்ச் 16 அன்று நடந்த குண்டுவீச்சில் அரண்மனையின் பெரும்பகுதி எரிந்தபோது படிக்கட்டின் கூரை தப்பியது. இந்த அறை அழிந்தது. பழைய புகைப்படங்களையும் ஒரு நீர்வண்ண ஓவியத்தையும் எஞ்சிய ஒரு கண்ணாடித் துண்டையும் ஆதாரமாகக் கொண்டு, 1987-க்குள் இதை மீண்டும் உருவாக்கினார்கள். இதை அறிந்துகொண்டு உள்ளே சென்றால், அந்தக் கண்ணாடிகளைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

பின்புறத் தோட்டத்துக்குக் கட்டணமில்லை. அரண்மனைக்கு அடியில் இன்றும் இயங்கும் ஒயின் நிலவறையைக் காண விரும்பினால், வழிகாட்டியுடன் அழைத்துச் செல்லும் சுற்று எந்த நாளில் நடைபெறுகிறது என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். மது அருந்துபவர் என்றால், மாலையில் பழைய மைன் பாலத்துக்கு வந்து, உள்ளூர்க்காரர்களைப் போல நின்றபடியே ஒரு கோப்பை சில்வானர் ஒயினைச் சுவைக்கலாம். கோப்பைக்கு முன்பணம் கேட்பார்கள். திருப்பிக் கொடுத்துப் பெற்றுக்கொள்ள மறந்துவிடாதீர்கள்.