வெளிநாட்டுப் பழைய காரை இந்தியாவுக்குக் கொண்டுவருவது: விதி, வரி, காகிதம்

சிங்கப்பூரிலோ லண்டனிலோ ஓட்டிய காரை ஊருக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் முதலில் கேட்பது "வரி எவ்வளவு?" என்றுதான். வரி அப்புறம். பத்தில் பல கார்கள் வரிக் கணக்குக்கு வருமுன்பே விதியில் அடிபட்டுப் போகும். வரியைக் கட்டத் தயாராக இருந்தும் காரைத் துறைமுகத்திலிருந்து வெளியே எடுக்க முடியாமல் போவது, வரி அதிகமாவதைவிட மோசம். அதனால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். ஒரு படி தேறாவிட்டால் அடுத்த படிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

படி 1: உங்கள் கார் "பழையது"தானா?

சுங்கத் துறையின் கண்ணில், இந்தியாவுக்கு வருமுன் எந்த நாட்டிலாவது பதிவாகியிருந்தால் அது பழைய கார். ஷோரூமிலிருந்து எடுத்து ஒரு மாதம், ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டியிருந்தாலும் பழையதுதான். "புதுசு மாதிரியே இருக்கு" என்ற வாதம் அங்கே எடுபடாது.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். வெளிநாட்டு வாசத்தை முடித்துத் திரும்புகிறவர்களுக்கு வீட்டுச் சாமான்களில் வரிச் சலுகை உண்டு; பேச்சில் அதை 'டிஆர்' (டிரான்ஸ்ஃபர் ஆஃப் ரெசிடென்ஸ்) என்பார்கள். கார் அந்தச் சலுகையில் சேராது. இரண்டு ஆண்டு தொடர்ந்து வெளிநாட்டில் இருந்துவிட்டு நிரந்தரமாகத் திரும்புகிறவர், குறைந்தது ஓர் ஆண்டு தன் பெயரில் வைத்திருந்த காரைக் கொண்டுவருவது பற்றி இறக்குமதிக் கொள்கையில் தனிக் குறிப்பு இருக்கிறது. அது உரிமம் தொடர்பான சலுகை மட்டுமே, வரியை முழுதாகக் கட்டியாக வேண்டும். "டிஆர்ல போட்டா வரி கிடையாது" என்று யாராவது சொன்னால், அதைச் சட்டத்தில் எங்கே படித்தார் என்று கேளுங்கள்.

சொந்த உபயோகத்துக்கு ஒரு காரைக் கொண்டுவரும் தனிநபருக்கு ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண் தேவையில்லை. விற்பதற்குக் கொண்டுவந்தால் தேவை.

படி 2: காரை விதியோடு ஒப்பிடுங்கள்

வெளிநாட்டு வர்த்தக இயக்ககம், அதாவது டிஜிஎஃப்டி, வெளியிடும் இறக்குமதிக் கொள்கையில் 87ஆம் அத்தியாயத்தின் குறிப்புகளைப் படியுங்கள். பழைய காருக்கான நிபந்தனைகள் அங்கேதான் இருக்கின்றன.

வயது: தயாரிப்புத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்கு மேல் போயிருக்கக் கூடாது. பலரும் சறுக்குவது இங்கேதான். பதிவுச் சான்றில் இருப்பது முதல் பதிவுத் தேதி, விதி பார்ப்பது தயாரிப்புத் தேதி. தயாரான பிறகு கார் கப்பலிலும் டீலர் கிடங்கிலும் ஆறு மாதம், எட்டு மாதம் கிடந்திருக்கலாம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். பல நாட்டுக் கார்களில் மாதமும் ஆண்டும் அதில் அச்சாகியிருக்கும். இல்லையென்றால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். அடியில் தைத்த துணிச் சீட்டில் பெல்ட் தயாரான தேதி இருக்கும், கார் அதற்குச் சில வாரம் கழித்துத் தயாராகியிருக்கும். இது உங்கள் உத்தேசத்துக்கு மட்டும். சுங்கத்துக்குக் காட்ட, 17 இலக்கச் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துத் தயாரிப்பாளரிடமிருந்து தேதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அந்த எண்ணின் பத்தாவது இலக்கம் மாடல் ஆண்டைக் காட்டும் என்பது அமெரிக்கச் சந்தைக் கார்களுக்குச் சரி. ஐரோப்பியக் கார்களில் அதை நம்ப முடியாது.

இரண்டே முக்கால் வயதுக் காரை வாங்கி "இன்னும் மூன்று மாதம் இருக்கே" என்று நினைக்காதீர்கள். அங்கே பதிவை ரத்து செய்வது, கப்பலில் இடம் கிடைப்பது, பயணம் எல்லாம் சேர்ந்து அந்த மூன்று மாதத்தை விழுங்கிவிடும். ஐந்தாறு மாதமாவது கையிருப்பு வேண்டும்.

ஸ்டீயரிங்: வலப்பக்கம். துபாய், சவூதி, அமெரிக்கக் கார்கள் இந்த ஒரே வரியில் முடிந்தன. இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா, ஜப்பான், ஆஸ்திரேலியா கார்கள் தப்பிக்கும். இடப்பக்க ஸ்டீயரிங்கை மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். மாற்றிய கார் தயாரிப்பாளர் சான்றளித்த கார் அல்ல, அடுத்து வரும் சோதனைகளில் அது நிற்காது.

வேகமானி: கிலோமீட்டரில் காட்ட வேண்டும். இங்கிலாந்துக் காரில் மைல் கணக்கு. டிஜிட்டல் திரை என்றால் மெனுவில் மாற்றிக்கொள்ளலாம். முள் காட்டும் வகையில் மைல் பெரிதாகவும் கிலோமீட்டர் சிறிதாகவும் இருந்தால், டயலையே மாற்ற வேண்டி வருமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ஹெட்லைட்: இடப்பக்கம் ஓட்டும் சாலைக்கு ஏற்ற ஒளிவீச்சு வேண்டும். சுவரிலிருந்து ஏழெட்டு மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தி, இரவில் லோ பீம் போடுங்கள். சுவரில் விழும் வெளிச்சத்தின் மேல் விளிம்பு இடப்பக்கம் மேலேறினால் சரி. வலப்பக்கம் ஏறினால் அது எதிர்ச்சாரியில் வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் விளக்கு.

இவை தவிர, இறக்குமதி நாளிலிருந்து ஐந்து ஆண்டு சாலையில் ஓடும் தகுதியும், அந்த ஐந்து ஆண்டும் இந்தியாவில் சர்வீஸ் கிடைக்கும் என்ற உறுதியும் கேட்கப்படும். இந்தியாவில் விற்பனையே ஆகாத மாடலுக்கு இந்த உறுதியை யார் தருவார் என்று யோசித்துப் பாருங்கள்.

படி 3: சான்றிதழ் இரண்டு, துறைமுகம் ஒன்று

கப்பலேறுவதற்குச் சற்று முன், இந்திய அரசு அறிவித்த சோதனை அமைப்பு ஒன்று காரைச் சோதித்து, 1988 மோட்டார் வாகனச் சட்டத்துக்கும் 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளுக்கும் பொருந்துகிறது என்று சான்று தர வேண்டும். அந்தந்த நாட்டில் ஆண்டுதோறும் எடுக்கும் தகுதிச் சான்று இதற்கு ஈடாகாது. நடைமுறையில் மிகக் கடினமான கட்டம் இதுதான். ஒற்றைக் காருக்காக இதைச் செய்து தரும் அமைப்பைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. "செய்து தருகிறோம்" என்பது மின்னஞ்சலில் வரும்வரை காருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது சோதனை இந்தியாவுக்கு வந்தபின். கார் என்றால் புனேயில் உள்ள ஏஆர்ஏஐ அல்லது அகமதுநகரில் (இப்போது அகில்யாநகர்) உள்ள விஆர்டிஇ, இரண்டும் வாகன ஆராய்ச்சி நிறுவனங்கள். பதிவில்லாத காரை ஓட்டிக்கொண்டு போக முடியாது, லாரியில்தான் ஏற்ற வேண்டும். யார் பொறுப்பில், எந்த நாளில் என்பதைச் சுங்க முகவருடன் முன்பே பேசிவிடுங்கள்.

துறைமுகம்: பழைய வாகனத்துக்கு மும்பை மட்டும். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏற்றுமதிக் கார்கள் கப்பல் கப்பலாகப் போகின்றன, ஆனால் உங்கள் பழைய கார் ஒன்று அங்கே இறங்க முடியாது. புதிய காருக்கான துறைமுகப் பட்டியலில் சென்னை உண்டு. அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "சென்னைக்கே அனுப்பிவிடலாம்" என்று சொல்லும் ஏஜென்ட்டை நம்பி அனுப்பினால் பறிமுதல், மீட்புத் தொகை, அபராதம், இல்லையென்றால் உங்கள் செலவிலேயே திருப்பி அனுப்புதல் என்று போகும். நேபாளம், பூடான் எல்லை வழியாக ஓட்டி வருவதற்கும் இதே பதில்.

சுற்றுலாவாக வரும் வெளிநாட்டுவாசி கார்னே என்ற உத்தரவாதப் புத்தகத்தோடு ஆறு மாதத்துக்குக் காரைக் கொண்டுவரலாம். அது திரும்பிப் போகவேண்டிய கார். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல.

படி 4: வரி எந்த விலைக்கு?

நீங்கள் கொடுத்த விலைக்குத்தான் வரி என்று நினைத்தால் ஏமாற்றம்தான். சலிசாக வாங்கினேன், மாமா அன்பளிப்பாகக் கொடுத்தார் என்பதெல்லாம் சுங்க அதிகாரிக்குச் சந்தேகத்தை மட்டுமே தரும். இன்வாய்ஸ் விலையை ஏற்காதபோது, புதிதாக இருந்தபோது தயாரிப்பாளரின் பட்டியல் விலையை எடுத்துத் தேய்மானத்தைக் கழிப்பது நடைமுறை. தேய்மான அளவு இப்படி: முதல் ஆண்டில் காலாண்டுக்கு 4%, இரண்டாம் ஆண்டில் 3%, மூன்றாம் ஆண்டில் 2.5%. கிடைப்பதோடு கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்தால் மதிப்பீட்டு விலை.

கப்பல் கட்டண ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். கட்டணம் தெரியவில்லை என்றால் சரக்கு விலையில் 20% என்று எடுத்துக்கொள்வார்கள். காப்பீட்டுக்கு 1.125%. பல சமயம் உண்மைக் கட்டணம் 20 சதவீதத்தைவிட மிகக் குறைவாக இருக்கும், அந்த வித்தியாசத்துக்கும் சேர்த்து வரி விழும்.

நாணய மாற்று விகிதம் உங்கள் வங்கி சொல்வதல்ல, சுங்கத்துக்கென்று சிபிஐசி (மத்திய மறைமுக வரி, சுங்க வாரியம்) வெளியிடுவது.

படி 5: வரியின் மேல் வரி

2025 பட்ஜெட்டில் பழைய காருக்கான அடிப்படைச் சுங்க வரி 125 சதவீதத்திலிருந்து 70 ஆனது. சந்தோஷப்பட வேண்டாம். கூடவே 67.5% வேளாண் உள்கட்டமைப்பு செஸ் வந்தது. காருக்கும் வேளாண்மைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், கூட்டிப் பாருங்கள்: 137.5. பழைய 125 சதவீதமும் அதன் மேல் விழுந்த பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரியும் சேர்ந்தால் அதே 137.5. பெயர்ப்பலகை மட்டும் மாறியிருக்கிறது.

அதன் மேல் ஐஜிஎஸ்டி, அதாவது ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோலில் 1200 சிசிக்குள், டீசலில் 1500 சிசிக்குள் இன்ஜினும் உள்ள சிறிய காருக்கு 18%, பெரிய காருக்கு 40%. முன்பிருந்த இழப்பீட்டு செஸ் காருக்கு இப்போது இல்லை.

ஒரு கணக்கு. கார் புதிதாக இருந்தபோது 25,00,000 ரூபாய், வயது சரியாக இரண்டு ஆண்டு, பெரிய இன்ஜின்.

தேய்மானம் 16 + 12 = 28%, அதாவது 7,00,000. மீதி 18,00,000.
கப்பலும் காப்பீடும் 2,00,000 என்று வைத்தால் மதிப்பீட்டு விலை 20,00,000.
அடிப்படைச் சுங்கம் 70%: 14,00,000.
வேளாண் செஸ் 67.5%: 13,50,000.
இதுவரை 47,50,000. ஐஜிஎஸ்டி 40% இந்த மொத்தத்துக்கு: 19,00,000.

வரி மட்டும் 46,50,000. கையில் வரும்போது கார் 66,50,000. முதல்முறை கணக்குப் போடுகிறவர்கள் ஐஜிஎஸ்டியை 20 லட்சத்துக்குப் போட்டு 8 லட்சம் என்று எழுதிவிடுவார்கள். 11 லட்சம் துண்டு விழுவது அந்த ஒரு வரியில்தான். பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி அறிவிப்பைத் தாக்கல் செய்யும் நாள், கப்பலுக்குத் துறைமுக நுழைவு அனுமதி கிடைக்கும் நாள், இரண்டில் எது பிந்தியதோ அந்த நாளின் விகிதமே செல்லும் என்பதால், அந்த வாரம் சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

படி 6: கப்பலும் சுங்கமும்

அங்கே பதிவை ரத்து செய்து அதற்கான சான்றை அசலாக வாங்குங்கள். கடன் பாக்கி இருந்தால் முதலில் அடைக்க வேண்டும். சேஸிஸ் எண் இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது), சோதனைச் சான்று மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். சேஸிஸ் எண்ணில் ஆங்கில 'ஓ', 'ஐ', 'க்யூ' எழுத்துகள் வரவே வராது. பூஜ்யத்தை 'ஓ' என்று யாராவது தட்டியிருந்தால் கப்பல் கிளம்புமுன் திருத்துங்கள், வந்தபின் திருத்துவது நாள்கணக்கில் இழுக்கும். டிக்கியில் துணி, பாத்திரம் என்று எதையும் அடைக்காதீர்கள். அறிவிக்காத சாமான் தனி வழக்கு.

பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வந்துசேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன்பின் நாளொன்றுக்கு 10,000. இதோடு துறைமுகத்தில் கார் தேங்கி நிற்பதற்கு டெமரேஜ் கட்டணம், கன்டெய்னர் என்றால் அதைத் திருப்பித் தரத் தாமதமாவதற்குக் கப்பல் நிறுவனத்துக்கு டிடென்ஷன் கட்டணம். இரண்டும் தனித்தனி மீட்டர், ஒரே நேரத்தில் ஓடும்.

படி 7: ஆர்டிஓ

பதிவுக்குப் படிவம் 20, காப்பீடு, சோதனை அறிக்கை, சுங்கம் விடுவித்ததற்கான சான்று வேண்டும். வாழ்நாள் வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு 20%. உங்கள் காருக்கு எந்த விலையில், எந்த விகிதத்தில் போடுவார்கள் என்று உங்கள் பகுதி ஆர்டிஓவில் எழுதிக் கேட்டு அதையும் மேலே உள்ள 66,50,000த்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். நுழைவு வரி பற்றிய பழைய நீதிமன்றச் செய்திகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலையோடு போயிற்று.

ஏற்கெனவே இறக்குமதியான காரை இங்கேயே வாங்குகிறீர்களா?

2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறை 'நும்கோர்' என்ற பெயரில் சோதனை நடத்தி, பூடான் வழியாக வந்து போலிக் காகிதத்தில் பதிவானவை என்ற சந்தேகத்தில் பல சொகுசுக் கார்களைக் கைப்பற்றியது. வரி ஏய்த்த கார் யார் கையில் இருந்தாலும் பறிமுதலுக்கு உரியது. விவரம் தெரியாமல் வாங்கியவரும் காரை இழக்கலாம். ஆர்சி புத்தகம் மட்டும் போதாது. பில் ஆஃப் என்ட்ரி நகலைக் கேளுங்கள், பழையதாகவே இறக்குமதியான கார் என்றால் அதில் துறைமுகம் மும்பையா, சேஸிஸ் எண் பானெட்டுக்கு அடியில் பொறித்த எண்ணோடு பொருந்துகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பில் எண்ணையும் தேதியையும் ஐஸ்கேட்டில் போட்டுத் தேடினால் அப்படி ஒரு பில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். நகலைத் தர விற்பவர் நாள் கடத்தினால், முன்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.