சில சமயம் மட்டும் ஃபெயில் ஆகும் டெஸ்ட்: காரணத்தைப் பிடிப்பது எப்படி?

புரோகிராம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நாம் எழுதும் சின்னச் சோதனைக் கோடுதான் டெஸ்ட். கோடில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. காலையில் பாஸ் ஆன டெஸ்ட் இரவில் ஃபெயில் ஆகிறது. மறுபடி ஓட்டினால் பாஸ். இதைத்தான் ஃப்ளேக்கி டெஸ்ட் என்கிறோம். புதிதாக வருபவர்கள் ரீரன் அழுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

ரீரன் செய்வதற்கு முன்பே குறித்து வையுங்கள்: ஃபெயில் ஆன நேரம், எந்த மெஷின், என்ன எர்ரர், கூட ஓடிய டெஸ்ட்களின் வரிசை.

அடுத்து, அந்த டெஸ்ட்டை மட்டும் லூப் போட்டு 100 தடவை ஓட்டுங்கள். 20 போதாது. இருபதில் ஒரு தடவை ஃபெயில் ஆகும் டெஸ்ட், 20 தடவையும் பாஸ் ஆகிவிட 36 சதவீதம் வாய்ப்பு உண்டு. 100 தடவை என்றால் 1 சதவீதம்கூட இல்லை.

தனியாக ஓட்டினால் பாஸ், கூட்டத்தோடு ஓட்டினால் ஃபெயில் என்றால், முன்னால் ஓடிய ஏதோ ஒரு டெஸ்ட் டேட்டாபேஸில் எதையோ விட்டுவிட்டுப் போயிருக்கலாம். முன்னால் ஓடியவற்றைப் பாதி பாதியாகக் கழித்து ஓட்டுங்கள். குற்றவாளி ஒன்றுதான் என்றால், 64 டெஸ்ட் இருந்தாலும் ஆறே சுற்றில் அகப்பட்டுவிடும்.

எனக்கு வந்தது வேறு மாதிரி. காட்பாடி ஸ்டேஷன் பக்கம் விடிய விடியத் திறந்திருக்கும் ஒரு டீக்கடைக்கு பில்லிங் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். சித்திரை வெயிலில் வேலூர்ப் பக்கம் மாடி அறையில் பகலில் உட்கார முடியாது, இரவில்தான் வேலை. 150 ரூபாய்க்கு பில் போட்டு, ‘இன்றைய வசூல்’ 150 வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட். சில சமயம் 0 வந்தது. மதியம் 200 தடவை ஓட்டினேன், எல்லாம் பாஸ். குறித்து வைத்த நேரங்களைப் பார்த்தேன்: இரவு 12:10, 1:40, விடியற்காலை 4:50. 5:30க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

அந்த 5:30தான் துப்பு. நம் நேரம் யுடிசியைவிட (உலகப் பொது நேரம்) ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பில் யுடிசி தேதியில் பதிவாகிறது; ‘இன்று’ என்பதை லேப்டாப் நம் தேதியில் பார்க்கிறது. நள்ளிரவு முதல் 5:30 வரை இரண்டும் வேறு வேறு நாள். இதே டெஸ்ட் சர்வரிலும் ஓடும்; அதன் கடிகாரம் யுடிசியில் இருந்ததால் அங்கே எப்போதும் பாஸ்.

காரணம் தெரிந்த மாதிரி இருந்தாலும் உடனே திருத்தாதீர்கள். முதலில் வேண்டுமென்றே ஃபெயில் ஆக வையுங்கள். டெஸ்ட்டுக்குள் கடிகாரத்தை 1:40ல் நிறுத்தினேன். பத்துக்குப் பத்தும் ஃபெயில். அப்புறம் பில் நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றித் தேதி எடுத்தேன், பத்தும் பாஸ். கவனிக்காமல் விட்டிருந்தால், இரவு ஒரு மணிக்கு விற்ற டீயின் காசு முந்தின நாள் கணக்கில் போயிருக்கும். அந்த 1:40 டெஸ்ட்டை இன்னும் அப்படியே வைத்திருக்கிறேன்.