வானிலை எச்சரிக்கைச் செய்தி: நான் செய்த, நீங்களும் செய்யப்போகிற தவறுகள்

ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று இளைஞர்கள் வேலைக்கு வந்து சேர்வார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். ‘கேப்’ என்று நாங்கள் கூப்பிடும் பொது எச்சரிக்கை நெறிமுறையை ஒரே மாலையில் படித்து முடித்துவிட்டு, “இவ்வளவுதானா சார்?” என்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவன்தான். போன வாரம் அவர்களில் ஒருவர் எழுதிய நிரலைத் திறந்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய என் கையெழுத்தைப் பார்த்ததுபோல் இருந்தது. அதே தவறு, அதே இடத்தில்.

நெறிமுறை தெரியாதவர்களுக்காக நாலு வரி. கேப் என்பது எச்சரிக்கைக்கான ஒரு எக்ஸ்எம்எல் படிவம், அதாவது ஒவ்வொரு விவரத்துக்கும் பெயரிட்ட ஓர் இடம் வைத்துக் கணினிகள் படிக்கும்படி எழுதுவது. 2004-இல் முதல் பதிப்பு வந்தது. இப்போது எல்லோரும் பயன்படுத்தும் 1.2 பதிப்பு 2010-இல் வந்தது. ஒரு முறை எழுதினால் போதும். தொலைக்காட்சி, கைபேசி, சைரன், இணையதளம் எல்லாம் அந்த ஒரே செய்தியிலிருந்து தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். இந்தியாவில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்காக, அரசின் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி நிறுவனமான சி-டாட் உருவாக்கிய ‘சசேத்’ தளம் இந்த முறையில்தான் இயங்குகிறது. மழைக்காலத்தில் உங்கள் கைபேசிக்கு வரும் எச்சரிக்கைகளுக்குப் பின்னால் இருப்பது இந்தப் படிவம்தான்.

எழுத்துப்பிழை, தவறான மாவட்டப் பெயர், தேதியில் மாதமும் நாளும் இடம் மாறுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை யாராவது முதல் நாளே சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறுவது

கேப்பில் அட்சரேகை முதலில் வரும். வரைபட மென்பொருள்களில் பாதி தீர்க்கரேகையை முதலில் கொடுக்கும். பார்க்காமல் எடுத்து ஒட்டினால் 13.08, 80.27 என்று இருக்கவேண்டிய சென்னை 80.27, 13.08 ஆகிவிடும். அது ஸ்வால்பார்டுக்கு வடக்கே ஆர்க்டிக் கடல். வெள்ளைக் கரடிகளுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை அனுப்பிய பெருமை எனக்கு உண்டு. இரண்டு எண்ணும் 90-க்குள் இருப்பதால் எந்தச் சரிபார்ப்பும் அதைப் பிடிக்காது. வரைபடத்தில் போட்டுக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

எச்சரிக்கைக்கு உரிய பகுதியைச் சுற்றி வரையும் எல்லைக்கோட்டின் முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதையும் அப்படியே பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரத்தின் கடைசியில் ‘இசட்’ போடுவது

கூடாது. ‘இசட்’ என்பது உலகப் பொது நேரத்துக்கான குறி. கேப்பில் அந்த நேரத்துக்குக் கழித்தல் 00:00 என்றுதான் போடவேண்டும். தரநிலையிலேயே எழுதியிருக்கிறது.

ஒவ்வோர் அறிக்கையையும் புதிய எச்சரிக்கையாக அனுப்புவது

இதைத்தான் சொல்ல வந்தேன். இன்றைக்கும் பார்த்தால் எரிச்சல் வருகிறது. முதலில் என்மேல், பிறகுதான் மற்றவர்கள்மேல்.

புயல் கரையை நெருங்கும்போது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை வந்துகொண்டே இருக்கும். புதிதாக வருபவர் என்ன செய்கிறார்? அறிக்கை வந்ததும் ஒரு செய்தி, அடுத்தது வந்ததும் இன்னொரு செய்தி. செய்தி வகை என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் ‘அலர்ட்’. அஞ்சல்பெட்டியில் கடிதம் போடுவதுபோல் போட்டுக்கொண்டே போகிறார். வாங்கும் கணினிக்கு இவையெல்லாம் தனித்தனி ஆபத்துகள். முதல் செய்தியும் உயிரோடு இருக்கும், நாலாவதும் உயிரோடு இருக்கும்.

நான் அப்படி எழுதிக்கொடுத்த ஆண்டில் நடந்தது இது. மாலை 6 மணிக்கு ஒரு கடலோர மாவட்டத்துக்குச் சிவப்பு. 9 மணிக்குப் புயல் கொஞ்சம் வடக்கே விலகியது. ஆரஞ்சாகக் குறைத்து அனுப்பினோம். நள்ளிரவில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன். “சார், எங்க ஸ்கிரீன்ல ரெட்டும் இருக்கு, ஆரஞ்சும் இருக்கு. ரெண்டுக்கும் கீழ உங்க பேருதான் போட்டிருக்கு. பள்ளிக்கூடத்துல தங்க வெச்சிருக்கிற சனங்களுக்கு என்ன பதில் சொல்றது?” என்னிடம் பதில் இல்லை. “புதுசா வந்ததை எடுத்துக்குங்க” என்றேன். “எது புதுசுன்னு ஸ்கிரீன்ல தெரியலையே சார்” என்றார். அடுத்து அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “இதுக்கு நீங்க போன் பண்ணியே சொல்லியிருக்கலாமே?”

சரியான வழி தரநிலையிலேயே இருக்கிறது. இரண்டாவது செய்தி ‘அப்டேட்’ ஆக இருக்கவேண்டும். எந்தச் செய்தியைத் தான் மாற்றுகிறது என்பதை அது ‘ரெஃபரன்சஸ்’ என்ற இடத்தில் சொல்லவேண்டும். அங்கே மூன்று விவரங்கள், நடுவில் காற்புள்ளி போட்டு: அனுப்பியவர், செய்தியின் அடையாளம், அனுப்பிய நேரம்.

அந்தப் போனுக்குப் பிறகு இதைச் சேர்த்தேன். தீர்ந்தது என்று நினைத்தேன். அடுத்த புயலில் மூன்று அப்டேட் போனது, கடைசியில் ‘கேன்சல்’ போனது, விடிந்தது, வெயில் அடித்தது. திரையில் சிவப்பு அப்படியே இருந்தது.

காரணம் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. மூலச் செய்தியில் அனுப்பிய நேரம் 21:00:00 கூட்டல் 05:30 என்று இருந்தது. நான் பயன்படுத்திய நிரல் நூலகம் அதைப் படித்து, தனக்குப் பிடித்தபடி உலகப் பொது நேரமாக மாற்றிவைத்துக்கொண்டு, திரும்ப எழுதும்போது 15:30:00 கழித்தல் 00:00 என்று எழுதியது. இரண்டும் ஒரே கணம்தான், மனிதனுக்கு. வாங்கும் கணினி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டது, பொருந்தவில்லை, ‘இப்படி ஒரு செய்தி என்னிடம் இல்லையே’ என்று ரத்தைத் தூக்கி எறிந்துவிட்டது. எந்தப் பிழையும் காட்டவில்லை. அனுப்பிய எங்கள் பக்கம் எல்லாம் பச்சை.

ஆகவே புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது: அனுப்பிய நேரத்தை நேரமாகச் சேமிக்காதீர்கள், எழுத்துச் சரமாகச் சேமியுங்கள். ஒரு காற்புள்ளிகூட மாறாமல் திரும்ப எழுதுங்கள். அனுப்பியவர், அடையாளம் இரண்டிலும் இடைவெளியோ காற்புள்ளியோ வரக்கூடாது என்று தரநிலை சொல்வதும் இதற்காகத்தான். வந்தால் அந்த மூன்று விவரங்களை யாராலும் பிரிக்க முடியாது.

இதோடு முடியவில்லை. அப்டேட் என்பது பழைய செய்தியின் மேல் ஒட்டும் துண்டுச்சீட்டு அல்ல. பழையதை முழுவதுமாக அகற்றிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஒருமுறை ஆறு மாவட்டங்களுக்கு ஒரே செய்தி அனுப்பியிருந்தோம். ஒன்றில் மட்டும் நிலைமை முற்றியது. அந்த ஒன்றை மட்டும் எழுதி அப்டேட் அனுப்பினேன். மற்ற ஐந்தும் ‘பழையபடியே’ என்று நான் நினைத்தேன். கணினி ‘இனி இல்லை’ என்று எடுத்துக்கொண்டது. ஐந்து மாவட்டங்களின் எச்சரிக்கை சத்தமில்லாமல் போய்விட்டது. சிவப்பு மிச்சமிருப்பதையாவது யாரேனும் போன் செய்து கேட்பார்கள். காணாமல் போன ஆரஞ்சைப் பற்றி யார் கேட்பார்கள்?

அதனால் இப்போது நான் தொடக்கத்திலேயே பிரித்துவிடுகிறேன். ஓர் ஆபத்து, அதற்கு எச்சரிக்கை, அப்டேட், ரத்து என்று தொடரும் ஒரு சங்கிலி. வெவ்வேறு வேகத்தில் மாறக்கூடிய இடங்களுக்கு வெவ்வேறு சங்கிலி. செய்திகளின் எண்ணிக்கை கூடும், சிலர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். ரெஃபரன்சஸில் கடைசிச் செய்தியை மட்டும் குறிப்பிடாமல், இன்னும் காலாவதியாகாத எல்லா முந்தைய செய்திகளையும் குறிப்பிடுங்கள். கனடாவின் கேப் விதிமுறை இதைத்தான் கேட்கிறது. நடுவில் ஒரு செய்தியைத் தவறவிட்ட கணினிக்கும் சங்கிலி அறுந்துபோகாது.

ரத்து பற்றியும் ஒன்று. ‘கேன்சல்’ வந்தால் செய்தி திரையிலிருந்து போகும். ஆபத்து நீங்கியதா, அல்லது அனுப்பியதே தவறா என்பது மக்களுக்குத் தெரியாது. ஆபத்து நீங்கியது என்றால், செய்யவேண்டியதைக் குறிக்கும் இடத்தில் ‘ஆல் கிளியர்’ என்று போட்டு ஓர் அப்டேட் அனுப்புங்கள். தவறாகப் போய்விட்டதென்றால் ரத்துக்கான வாசகத்தை முன்பே எழுதித் தயாராக வைத்திருங்கள். 2018 ஜனவரி 13-ஆம் தேதி ஹவாயில் ஏவுகணை வருகிறது என்ற பொய்ச் செய்தி கைபேசிகளுக்குப் போய்விட்டது. அதைத் திருத்தும் செய்தி அதே கைபேசிகளுக்குப் போய்ச் சேர 38 நிமிடம் ஆனது. அனுப்பும் வாசகம் தயாராக இருந்தது, திரும்பப் பெறும் வாசகம் இல்லை. இன்னொன்று: செய்தி வகைகளில் ‘எரர்’ என்று ஒன்று இருக்கிறது. உங்கள் தவறைத் திரும்பப் பெற அதைப் பயன்படுத்தாதீர்கள். வந்த செய்தியை ஏற்கவில்லை என்று சொல்வதற்கான வகை அது.

சோதிக்கும்போது ஒரு செய்தியை அனுப்பிப் பார்த்துவிட்டு ‘ஓடுகிறது’ என்று சொல்லாதீர்கள். ஓர் எச்சரிக்கை, இரண்டு அப்டேட், ஒரு ரத்து. பிறகு வாங்குபவரின் திரைக்குப் போய்ப் பாருங்கள். காலியாக இருக்கவேண்டும். போன வாரம் அந்தப் பையனை இதைச் செய்யச் சொன்னேன். மூன்று எச்சரிக்கை மிச்சம் இருந்தது.

‘எக்ஸ்பயர்ஸ்’ தானே துடைத்துவிடும் என்று நம்புவது

மேலே சொன்னதைக் கேட்டதும் பிள்ளைகள் சொல்லும் சமாதானம் இது: “காலாவதி நேரம் போட்டிருக்கோமே சார், தானா போயிடும்.” போகும், தவறான நேரத்தில் போகும். அந்த இடம் செய்தியின் ஆயுளைக் குறிப்பது, மழையின் ஆயுளை அல்ல. மழை எப்போது தொடங்கும் என்று சொல்ல ‘ஆன்செட்’ இருக்கிறது. எப்போது ஓயும் என்று சொல்லப் படிவத்தில் தனி இடமே இல்லை. அதை விளக்கத்தில் எழுதவேண்டும். அடுத்த அறிக்கை வரவேண்டிய நேரத்துக்குச் சற்றுப் பின்னால் காலாவதியை வையுங்கள். முன்னால் வைத்தால் நடுவில் எச்சரிக்கையே இல்லாத ஓட்டை விழும். ரொம்பப் பின்னால் வைத்தால் வெயிலில் சிவப்பு.

நிறத்தை மட்டும் அனுப்புவது

நமக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு பழகிவிட்டது. கேப்பில் நிறம் என்று ஓர் இடம் கிடையாது. எவ்வளவு அவசரம், எவ்வளவு கடுமை, எவ்வளவு உறுதி என்று மூன்று தனித்தனி அளவுகோல்கள் உண்டு. நிறத்தை மூன்றிலும் ஒரே மாதிரி ஊற்றி, சிவப்பு என்றால் ‘உடனே, மிகக் கடுமை, நேரில் கண்டது’ என்று நிரப்பிவிடுகிறார்கள். நாளை மறுநாள் வரப்போகும் மழையை நேரில் கண்டது யார்?

நிறத்துக்கு ஓர் உச்சவரம்பும் இருக்கிறது. 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் அதி கனமழை. அதற்கு மேல் மில்லிமீட்டர் கணக்கில் வேறு வகுப்பு இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. 21 சென்டிமீட்டருக்கும் அதே பெயர், 95-க்கும் அதே பெயர். என்ன நடக்கப்போகிறது, எந்த ஆறு, எந்தத் தரைப்பாலம் என்பதை விளக்கத்தில் எழுதுங்கள். ‘ஓரிரு இடங்களில்’ என்பது வானிலையாளர்களுக்குக் கணக்கு உள்ள சொல். கேட்பவர்களுக்கு அது எப்போதும் அடுத்த ஊர்தான்.

சோதனைச் செய்தியில் ‘ஆக்சுவல்’

‘ஆக்சுவல்’ என்றால் உண்மையான எச்சரிக்கை என்று பொருள். தலைப்பே போதும்.

தமிழை ஆங்கிலத்தின் வாலாக ஒட்டுவது

தமிழுக்கென்று தனிச் செய்தி அனுப்பாதீர்கள். இரண்டு சங்கிலி ஆகிவிடும். ஆங்கிலத்தை ரத்து செய்வீர்கள், தமிழ் கிடக்கும். ஒரே செய்திக்குள் மொழிக்கு ஒரு பகுதி வைக்கலாம்.

இடமும் குறைவு. யூனிகோடில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 அலகு. ‘எச்சரிக்கை’ நமக்கு ஆறு எழுத்து. புள்ளி, கொம்பு எல்லாம் தனியாக எண்ணும் கணினிக்குப் பத்து. ‘சிவப்பு எச்சரிக்கை’ என்று எழுதி முடிப்பதற்குள் கால்வாசி தீர்ந்துவிடும். ஒரு பகுதியில் உள்ள எல்லாக் கைபேசிகளுக்கும் கோபுரத்திலிருந்து ஒரே நேரத்தில் அனுப்பும் செல் பிராட்காஸ்டில் 15 பக்கம் வரை போகலாம், ஆனால் பழைய கைபேசிகளும் சாலையோர அறிவிப்புப் பலகைகளும் அவ்வளவையும் காட்டாது, எங்கேயாவது வெட்டும்.

வெட்டும்போது ஆங்கிலத்தில் ‘செல்லாதே’ என்பதன் ‘ஆதே’ முன்னாலேயே வந்துவிடும். தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு மீனவக் குப்பத்தில் பெரியவர் ஒருவர் கைபேசியை என்னிடம் நீட்டினார். ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்ட’ என்று நின்றிருந்தது. “வேண்டுமா வேண்டாமா, தம்பி?” என்று கேட்டார்.

இப்போது ‘கரையிலேயே இருங்கள்’ என்றுதான் எழுதுகிறோம்.