மாந்தோப்பில் பதினோரு ஆண்டுகள் கிடந்த ஃபியட்: பழைய காரை வீட்டிலேயே மீட்டெடுக்கும் முறை

காவேரிப்பட்டணத்துக்கு அருகே எங்கள் பெரியப்பாவின் மாந்தோப்பில், பம்ப்செட் அறையை ஒட்டிய கொட்டகையில், 1972-இல் பதிவான ஃபியட் 1100 டிலைட் ஒன்று பதினோரு ஆண்டுகள் அசையாமல் நின்றது. அதைச் சாலைக்குக் கொண்டுவர எனக்கு இரண்டரை ஆண்டுகள் ஆயின. அந்தக் காலத்தில் பாதி, வேலைகளை வரிசை மாற்றிச் செய்து, பிறகு பிரித்து, மறுபடியும் செய்ததிலேயே கழிந்தது. ஆகவே எந்த வேலை எதற்கு முன்னால் வர வேண்டும் என்பதையே இங்கு முதன்மையாகச் சொல்கிறேன். ஃபியட்டை வைத்துச் சொன்னாலும் பெரும்பகுதி அம்பாசடருக்கும் பொருந்தும்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். அதிலுள்ள சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு ஒத்துப்போகின்றனவா என்று துருவைத் துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் கிரைண்டரை வைக்கவே கூடாது. உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31 தேவைப்படும். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி வகுத்தது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் இடம்பெறும். ஆனால் அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்காகவே சாலையில் ஓட்டலாம் என்பதால், வாரச் சந்தைக்கும் கோயிலுக்கும் ஓட்ட நினைப்பவர்கள் வழக்கமான பதிவுப் புதுப்பித்தலையே நாடுவது நல்லது. எந்த வழியில் சென்றாலும், டீசல் என்ஜினை மாற்றிப் பொருத்தும் யோசனையை விட்டுவிடுங்கள். அதன் பிறகு அது அந்தக் காராக இருக்காது. விண்டேஜ் பதிவுக்கும் தடையாகும்.

கொட்டகையில் கிடந்த காரில் பாம்பு இருக்கக்கூடும். கதவுகளையும் டிக்கியையும் திறந்துவைத்து, நீண்ட கோலால் தட்டி, ஒரு நாள் வெயில் படவிட்ட பிறகே இருக்கைக்கு அடியில் கை நுழைக்க வேண்டும். எலி கடித்துப் போட்ட குப்பையைக் கூட்டும்போது முகமூடி அணியுங்கள். வண்டியைத் தூக்கி நிறுத்த இரும்பு ஸ்டாண்டுகளை வாங்கிவிடுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் துண்டுகள் எளிதில் கிடைப்பதால் அவற்றை அடுக்கிவிடலாம் என்று தோன்றும். கல் எச்சரிக்கை தராமல் பிளக்கும், ஹாலோ பிளாக் அதைவிட மோசம். மண் தரையாக இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த மரப்பலகை இடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் படுக்காதீர்கள்.

இனி என்ஜின். புது பேட்டரியை வைத்துச் செல்ஃப் அடித்துப் பார்க்கும் ஆசைதான் பழைய என்ஜின்களை அதிகம் கெடுக்கிறது. நின்றுபோன என்ஜினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கலாம், வால்வு தன் வழித்துளையான கைடில் இறுகியிருக்கலாம், பேரிங்குகளில் எண்ணெய்ப் படலமே இருக்காது. இந்த நிலையில் வலுக்கட்டாயமாகச் சுற்றினால் ரிங் உடையும் அல்லது வால்வைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு வளையும். வண்டியைக் கியரில் போட்டு டிராக்டரால் இழுப்பது அதைவிடக் கேடு.

நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் என்ஜின் ஆயிலும் டீசலும் சம அளவில் கலந்து இரண்டு மூன்று தேக்கரண்டி ஊற்றி, ஒரு வாரம் ஊறவிடுங்கள். இடையில் ஒருமுறை மறுபடியும் ஊற்றலாம். இதற்குள் பழைய ஆயிலை வடித்துவிடுங்கள். அது பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றாமல் மேலே செல்லக் கூடாது. ஒரு வாரம் கழித்து, கியர் நியூட்ரலில் இருக்க, கிராங்க் புல்லியின் நட்டில் நீண்ட ஸ்பேனரை மாட்டி இரு பக்கமும் சிறிது சிறிதாக அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அவசரப்படாமல் முழுச் சுற்றுக்குக் கொண்டுவரலாம். அசையவில்லை என்றால் மேலும் ஒரு வாரம் ஊறட்டும். எங்கள் வண்டி பத்தொன்பதாம் நாளில்தான் இளகியது. அதற்கும் இளகாவிட்டால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். சுத்தியலால் பிஸ்டனைத் தட்டும் வேலை வேண்டாம்.

முழுச் சுற்று வந்ததும் வால்வு மூடியைத் திறந்து, எட்டு வால்வுகளும் ஒழுங்காக ஏறி இறங்குகின்றனவா என்று கையால் சுற்றியபடியே பாருங்கள். பிறகு புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு, பிளக் இல்லாமலேயே செல்ஃபால் சில வினாடிகள் சுற்றி, ஆயில் அழுத்தம் ஏறும் வரை விட்டுவிட்டுச் செய்யுங்கள். இதன் பிறகு கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை, அளவிட்டால், நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டுகின்றனவா என்பதே முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் சிறிது ஆயில் விட்டு மறுபடி அளவிடுங்கள். அளவு ஏறினால் குறை ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில். இந்த 1089 சி.சி. என்ஜின் எளிய அமைப்புடையது. சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து ‘போர்’ போடுவதும், வால்வு அமரும் சீட்டைத் தேய்ப்பதும் ஒரு நல்ல லேத் பட்டறையில் முடியும் வேலைகள். இதர வேலைகளை வீட்டு முற்றத்தில் செய்யலாம். டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளியை 0.4 மில்லிமீட்டரை ஒட்டி வைத்து, பிளக் வயர்களை 1-3-4-2 என்ற வரிசையில் மாட்டுங்கள்.

பெட்ரோல் டேங்கைக் கழற்றாமல் வேலை முடியாது. பழைய பெட்ரோல் பிசினாகி அடியில் படிந்திருக்கும். டேங்கில் ஒரு கைப்பிடி அளவு நட்டுகளையும் மண்ணெண்ணெயையும் போட்டுக் குலுக்கிக் கழுவி வெயிலில் உலர்த்துங்கள். ஓட்டை இருந்தால் அதன் மேல் வெல்டிங் வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். காலி டேங்கில் தங்கும் ஆவி வெடித்து உயிர் போகும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ்களும், பெட்ரோல் பம்பின் டயஃப்ரமும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தும்போது பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது.

ரேடியேட்டரைப் பற்றி இந்த வட்டாரத்துக்கென்று ஒரு சொல். நிலத்தடி நீரின் ஃபுளோரைடு காரணமாகவே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்த மாவட்டங்கள் தருமபுரியும் கிருஷ்ணகிரியும். இங்குள்ள நிலத்தடி நீர் உப்பும் கடினத்தன்மையும் மிகுந்தது. போர்வெல் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றிய ரேடியேட்டரின் குழாய்கள் சுண்ணாம்புப் பொருக்கால் பாதி அடைபட்டிருக்கும். கீழிருந்து மேலாகத் தண்ணீரைச் செலுத்திக் கழுவுங்கள், ஹோஸ்களை மாற்றுங்கள், இனி டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் மட்டுமே ஊற்றுங்கள்.

பணமும் பொறுமையும் உண்மையில் செலவாகும் இடம் அடித்தட்டு. ஃபியட்டுக்கும் அம்பாசடருக்கும் லாரியைப் போலத் தனிச் சேசிஸ் கிடையாது, தகடே எலும்புக்கூடு. எனவே துரு இங்கே அழகுக் குறை அல்ல, வண்டியின் வலுவைத் தின்னும் நோய். மாவிலையும் புளிய இலையும் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுத் துளையில் விழுந்து மட்கி, மழைநீர் வடியாமல் உள்ளே தேங்கி, ரப்பர் மேட்டுக்கு அடியில் தரைத்தகட்டை அரிக்கும். அருகே மாடு கட்டும் இடமாக இருந்தால் கோமியத்தின் உப்பு வேலையைத் துரிதப்படுத்தும். எங்கள் வண்டியில் வெளியே பளபளப்பாக இருந்த கதவடிப் பெட்டிப்பகுதியில் திருப்புளி காகிதத்தைக் குத்துவதுபோல் இறங்கியது. முன்னொரு காலத்தில் ஒரு பட்டறையில் அங்கே பள்ளத்தை நிரப்பும் பட்டி பூசிப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தார்கள். காந்தத்தைத் துணியில் சுற்றி உடல் முழுவதும் நகர்த்துங்கள். அது ஒட்டாமல் வழுக்கும் இடமெல்லாம் பட்டி.

துருப்பட்ட தகட்டின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டவைப்பது இரண்டு மழைக்காலம் கூடத் தாங்காது. நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள தகட்டை வெட்டிப் பொருத்தி, புள்ளி புள்ளியாக இடம் மாற்றி மாற்றி வெல்டிங் வைத்தால் தகடு வளையாது. மெல்லிய தகட்டுக்கு ‘மிக்’ (MIG) வகை வெல்டிங் ஏற்றது. இரு பக்கக் கதவடிப் பகுதிகளையும் ஒரே நேரத்தில் வெட்டக் கூடாது என்பதை மறக்கவே வேண்டாம். வெட்டும் முன் கதவுச் சட்டத்துக்குள் குறுக்குக் குழாய் ஒன்றைத் தற்காலிகமாக வெல்டிங் வைத்து, கதவு இடைவெளியை நான்கு இடங்களில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இப்படிச் செய்யாமல் வெட்டினால் உடல் நடுவில் தொய்ந்துவிடும், கதவு பிறகு மூடாது. பேட்டரியும் டேங்கும் வண்டியில் இல்லாதபோதுதான் வெல்டிங். பக்கத்தில் மணல் வாளி இருக்கட்டும். முடிந்ததும் துருமாற்றித் திரவம், பிரைமர், பெட்டிப் பகுதிகளின் உள்ளே மெழுகுத் தெளிப்பு என்ற வரிசையில் செல்லுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உப்புத்தாளை நனைத்தே தேயுங்கள்.

பிரேக்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். அக்கால ஃபியட்டில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில் சுற்று. எங்கே கசிந்தாலும் மிதி முழுவதும் தரையைத் தொடும். மாஸ்டர் சிலிண்டர், நான்கு பக்க வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், இரும்புக் குழாய்கள் அனைத்தையும் மாற்றுங்கள். பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். கம்ப்ரஸர் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு) தேயாமல் இருக்கிறது என்று மகிழாதீர்கள், பக்கச்சுவரில் வெடிப்பு விட்டிருந்தால் அது குப்பை. உதிரி பாகங்களைப் பொறுத்தவரை நாம் கொடுத்துவைத்தவர்கள்: கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர்தான், அங்கே ஜே.சி. சாலையில் ஒரு நாள் நடந்தால் பாதிப் பட்டியல் தீர்ந்துவிடும். கிடைக்காதவற்றைச் சென்னைப் புதுப்பேட்டையில் தேடலாம். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

எலி கடித்த வயரிங்கை ஒட்டுப்போடாமல் முழுவதும் புதிதாக இழுத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஃபியூஸ் வைத்துவிடுங்கள். பெயின்ட் எல்லாவற்றுக்கும் கடைசியில், வண்டி ஓடத் தொடங்கிச் சில வாரங்கள் ஆன பிறகு, காற்றில் ஈரம் குறைந்த பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அடிப்பது நல்லது.

முதல் ஓட்டத்தை ஊர்ச்சாலையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் திரும்பியதும் அடியில் அட்டை விரித்துக் கசிவு பாருங்கள், சக்கர நட்டுகளை இறுக்குங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலைச் சூடாக இருக்கும்போதே வடித்து, அதில் உலோகத் துகள் மின்னுகிறதா என்று வெயிலில் பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டர் பிசகின்றி ஓடிய பிறகே தொப்பூர் கணவாயில் சேலம் பக்கமாக இறங்கலாம். இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு வந்துவிடுங்கள், நியூட்ரலில் விடாதீர்கள். இறங்கி முடித்ததும் ஓரமாக நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையை நீட்டிச் சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். தன் ஜோடிச் சக்கரத்தைவிட ஒன்று குளிர்ந்திருந்தால் அதில் பிரேக் பிடிக்கவில்லை, மிகவும் சுட்டால் பிரேக் ஷூ டிரம்மை விட்டு விலகாமல் உரசுகிறது; இரண்டில் எதுவானாலும் டிரம் ஆறியபின் அந்தச் சக்கரத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் திரும்பி ஏற வேண்டும்.