சஃபோக்கின் பழைய கட்டடங்கள்: பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சஃபோக்கிலுள்ள லாவன்ஹம் என்ற பழைய ஊருக்கு வருகிறவர்களில் பலர் சந்தைச் சதுக்கத்தில் நின்று, கில்டுஹால் என்ற பழைய சங்க மண்டபத்தின் முன்னால் நாலு படம் எடுத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் சஃபோக் கவுண்டியில் பழைய கட்டடங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் முகப்பு சொல்வது பாதிக் கதைதான். சில சமயம் அதுவும் பொய்க்கதை.

பழைய வீடு என்றாலே கறுப்புச் சட்டமும் வெள்ளைச் சுவரும் என்று எதிர்பார்ப்பது முதல் தவறு. அந்தக் கறுப்புச் சாயம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் மோகம். சஃபோக்கில் ஓக் மரத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். வெயிலும் மழையும் பட்டு அது வெள்ளிச் சாம்பல் நிறமாகிவிடும். இல்லையென்றால் மரம், சுவர் இரண்டுக்கும் சேர்த்துச் சுண்ணாம்பு அடிப்பார்கள். செங்கல் முகப்பைப் பார்த்ததும் 18ஆம் நூற்றாண்டு வீடு என்று முடிவு கட்டுவதும் அதே போன்ற தவறுதான். பிற்காலத்தில் காசு வந்தவர்கள் பழைய மரவீட்டின் முன்பக்கத்துக்கு மட்டும் புது முகம் வைத்தார்கள். பக்கத்துச் சந்துக்குள் போய்ப் பாருங்கள், வளைந்த மரச்சட்டமும் செங்குத்தான கூரையும் உண்மை வயதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

லாவன்ஹமில் பிற்காலத்தில் அப்படிக் காசு வரவில்லை. நீலக் கம்பளித் துணி விற்று, 1520-களில் நாட்டின் பணக்கார ஊர்களில் ஒன்றாக இருந்த ஊர் அது. அப்புறம் கோல்செஸ்டரில் குடியேறிய டச்சு நெசவாளர்கள் மெல்லிய துணி நெய்ய ஆரம்பித்ததும் இங்கே தொழில் படுத்துவிட்டது. இடித்துக் கட்ட வழியில்லாமல் போனதால்தான் இத்தனை வீடுகள் மிஞ்சின.

அடுத்தது, சொல்கிற கதையை எல்லாம் நம்புவது. “இந்த உத்திரம் பழைய கப்பலை உடைத்து எடுத்தது” என்று பழைய விடுதிகளில் சொல்வார்கள். உத்திரத்தில் காரணமில்லாத துளைகள் இருப்பதுதான் அதற்கு ஆதாரமாம். உண்மையில் தச்சர்கள் பக்கத்துக் காட்டில் வெட்டிய பச்சை ஓக்கைத்தான் பயன்படுத்தினார்கள். சட்டகத்தைப் பட்டறையிலேயே பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு மூட்டிலும் ரோமன் எண்ணைப் போலக் கீறி வைத்து, கழற்றிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்தக் கீறல்களை இன்றும் விரலால் தடவிப் பார்க்கலாம். வெறும் துளை இருந்தால் அங்கே ஒரு தடுப்புச் சுவர் இருந்திருக்கும், அல்லது அந்த மரம் வேறொரு வீட்டிலிருந்து வந்திருக்கும். உத்திரத்தின் அடியில் சாய்சதுரக் குழிகள் வரிசையாக இருந்தால், கண்ணாடி இல்லாத காலத்து ஜன்னலின் மரக்கம்பிகள் நின்ற இடம் அது. கப்பல் கதையைவிட இது எவ்வளவு நல்ல கதை!

பிளைத்பர்க் தேவாலயத்திலும் இப்படித்தான். கூரையில் சிறகு விரித்த மரத் தேவதூதர்களின் உடம்பில் ஈயக் குண்டுகள் பாய்ந்திருந்தன. 1644-இல் சிலைகளை உடைக்க வந்த வில்லியம் டௌசிங்கின் ஆட்கள் சுட்டது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். ஆனால் உள்ளே புகுந்த ஜாக்டா என்னும் காக்கை இனப் பறவைகளைச் சுட ஆட்களுக்குக் கூலி கொடுத்ததாக 18ஆம் நூற்றாண்டுத் தேவாலயக் கணக்கில் இருக்கிறது.

பட்டியலிடப்பட்ட கட்டடம், அதாவது அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் கட்டடம் என்றால் உள்ளே போகலாம் என்று நினைக்காதீர்கள். முதல் தரம், இரண்டாம் தரம் என்பதெல்லாம் பாதுகாப்புக்கான தகுதி மட்டுமே. பெரும்பாலானவற்றில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பது அநாகரிகம். பஞ்சாபின் கடைசி சீக்கிய மகாராஜா துலீப் சிங் வாழ்ந்த எல்வெடன் மாளிகைகூடத் தனியார் சொத்துதான். அவர் கல்லறை அங்குள்ள தேவாலய வளாகத்தில் இருக்கிறது. மூடிய வீடுகள் சிலவற்றைப் பார்க்க ஆசை என்றால், செப்டம்பரில் நடக்கும் பாரம்பரியத் திறந்த நாள்களில் வாருங்கள், கட்டணம் கிடையாது.

ஆங்கிலோ-சாக்சன் காலப் புதைமேடுகள் இருக்கும் சட்டன் ஹூவுக்குப் போய், அங்கே தோண்டியெடுத்த புகழ்பெற்ற தலைக்கவசத்தைத் தேடி ஏமாறாதீர்கள். 1939-இல் கிடைத்த அசல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, இங்கே இருப்பது நகல். ஆனால் அந்தப் புதைமேடுகள் இங்கேதான் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கவே போகலாம். லாவன்ஹமுக்கு ரயில் கிடையாது. பஸ் நேரத்தை, அதிலும் ஞாயிற்றுக்கிழமை என்றால், முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, இப்ஸ்விச் போனால் கடை வரிசையைப் பார்த்தபடியே நடந்துவிடாதீர்கள். ஏன்ஷியன்ட் ஹவுஸ் முன்னால் நின்று தலையைத் தூக்குங்கள். 17ஆம் நூற்றாண்டுச் சுதை வேலை, நம் கோபுரத்துச் சுதையைப் போலவே புடைத்து நிற்கும். ஜன்னல்களுக்குக் கீழே ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று நான்கு கண்டங்களும் உருவங்களாக இருக்கின்றன. ஆஸ்திரேலியா மட்டும் இல்லை.