பரண் வைத்த வாடகை வீடு: ஒரு வெல்டிங் பட்டறைக்காரன் சொல்வது

பெங்களூருவில் வேலை கிடைத்த கையோடு நம் கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் அனுப்புகிற போட்டோக்களில் இப்போது ஒரே மாதிரி வீடுதான் வருகிறது. உயரமான கூரை, பூசாத செங்கல் சுவர், பாதி உயரத்தில் ஓர் இரும்புத் தளம், அதன்மேல் மெத்தை. லாஃப்ட் வீடு என்கிறார்கள். ராயக்கோட்டை சாலையில் பட்டறை வைத்து, ஓசூர் ஆலைகளுக்குள் இதே தளத்தை அடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. போட்டோவைப் பார்த்ததும் தளம் எதில் நிற்கிறது என்றுதான் என் கண் போகும்.

வீடு பார்க்கப் போகும்போது அளவு டேப் ஒன்று பையில் இருக்கட்டும். கீழே 7 அடிக்குச் சற்று மேல், மேலேயும் அவ்வளவு, தளத்தின் கனம் அரை அடி. ஆக, தரையிலிருந்து கூரைவரை 15 அடியாவது வேண்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பும் இடைத்தளத்துக்கு 2.2 மீட்டர் உயரம் கேட்கிறது. 11 அடிக் கூரைக்குள் தளம் போட்டிருந்தால் மேலே தவழ்ந்துதான் போகவேண்டும். புளியும் அண்டாவும் வைக்கிற இடத்துக்குப் படுக்கையறை வாடகை எதற்கு?

அடுத்து, தளத்தின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். அவசரப்படாதீர்கள், புரோக்கர் வாசலில் நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். தாங்குகிற இரும்பு கான்கிரீட் தூணிலோ உத்தரத்திலோ பிடித்திருக்கவேண்டும், இல்லையென்றால் தரையில் தனக்கென்று கால் ஊன்றியிருக்கவேண்டும். ஹாலோ பிளாக் சுவரில் போல்ட் அடித்து நிறுத்தியிருந்தால் அந்த வீடே வேண்டாம். கல்லுக்குள் வெற்றிடம் இருப்பதால் போல்ட் விரிந்து பிடிக்க இடமில்லை. சுவரைச் சாவியால் தட்டினால் சத்தம் சொல்லிவிடும். வெல்டிங் மூட்டின் முழு நீளத்துக்கும் ஓடியிருக்கிறதா, அங்கங்கே பொட்டு வைத்ததோடு சரியா என்றும் பாருங்கள். இந்த வீடுகளுக்கெல்லாம் கருப்பு பெயிண்ட்தான் நாகரிகம். எங்கள் தொழிலில் அரைகுறை வேலையை மறைப்பதும் அதே கருப்புதான். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மேடுபள்ளம் தெரியும். குளியலறைப் பக்கம் பெயிண்ட் உப்பியிருந்தால் நகத்தால் கீறுங்கள். செதிலாகத் துரு உதிர்ந்தால் உள்ளே எவ்வளவு தின்றிருக்கிறதோ!

இரண்டு பேராக மேலே ஏறி, நடுவில் நின்று, குதிகாலைத் தூக்கித் தொப்பென்று வையுங்கள். இரும்பென்றால் கொஞ்சம் அதிரத்தான் செய்யும். அதிர்வு அடங்க நேரமானால், அல்லது ஏதாவது கடகடத்தால், இறங்கிவிடுங்கள். அக்கா மகளுக்காக ஒரு வீட்டில் இப்படிச் செய்தபோது, "யாருமே குதித்துப் பார்த்ததில்லை சார்" என்று வீட்டுக்காரர் முகம் சுளித்தார். "மாமா, போதும்" என்று அவளும் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை தூங்கப்போகிற இடம், இழுத்தால் இழுக்கட்டும்.

மின்விசிறியை யாரும் கவனிப்பதில்லை. உயரக் கூரையிலிருந்து நீளக் குழாயில் தொங்கவிட்டிருப்பார்கள். கீழே நிற்கிறவருக்கு அது எட்டாத தூரம்; மேல்தளத்தின் விளிம்பில் நிற்கிறவருக்கோ காது உயரம். விசிறியை நிறுத்திவிட்டு விளிம்பில் நின்று கையை நீட்டுங்கள். விரல் நுனி இறக்கையைத் தொட்டால், தூக்கக் கலக்கத்தில் சட்டை கழற்றுகிற அன்றைக்கும் தொடும். இடம் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

படிக்குப் பதில் செங்குத்து ஏணி வைத்திருந்தால், நடுராத்திரியில் கழிவறைக்கு இறங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் ஒரு மீட்டர் உயரத்துக்குக் கம்பித் தடுப்பும், மேலும் கீழும் சுவிட்சும் அவசியம்.

வீட்டை மதியம் 2 மணிக்குமேல் போய்ப் பாருங்கள். புரோக்கர் மாலையில்தான் கூப்பிடுவார். மேலே தகரக் கூரை என்றால் வெக்கை முழுவதும் உங்கள் மெத்தைக்கு மேல்தான் தங்கும். பெங்களூரு குளிர்ச்சியான ஊர் என்ற பேச்சு ஏப்ரலில் அந்தத் தளத்தில் எடுபடாது. சுவரில்லாத சமையலறை என்றால் தாளிப்பு வாசம் தலையணைக்கு ஏறும். புகைபோக்கி விசிறி இருக்கிறதா என்று கேளுங்கள்.

வாரக் கடைசியில் ஊருக்கு வருகிறவர்கள் மஞ்சள் வழித்தட மெட்ரோவை ஒட்டித் தேடலாம். ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 2025 ஆகஸ்டில் திறந்தார்கள். பொம்மசந்திராவில் இறங்கினால் ஓசூர் சாலைதான்.

முன்பணம் பத்து மாத வாடகை என்பது அங்கே பழைய வழக்கம்; பேசினால் குறைப்பார்கள். 2021 மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம்தான் என்கிறது, ஆனால் அந்தந்த மாநிலம் ஏற்றால்தான் அது செல்லும். காலி செய்யும்போது பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகை பிடிப்பதும் உண்டு, அதை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். 11 மாத ஒப்பந்தத்தில், இடைத்தளம், படி, தடுப்பு மூன்றையும் பழுது பார்ப்பது உரிமையாளர் பொறுப்பு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சாவி வாங்குகிற அன்றே துருப்பிடித்த இடங்களையும் விரிசல்களையும் வீடியோ எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். முன்பணத்தில் கழிக்கிற பேச்சு வந்தால் தேதியோடு அது இருக்கும்.